உங்கள் அமர்வு முடிந்தது

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள் அண்ணே. எனக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. அவ்வப்போது மணி மட்டும் சொன்னால் போதும். என்னிடம் போன் இருக்கிறது. ஆனால் மணி பார்க்க எடுத்தால் விரல் தானாக அவள் நம்பருக்குப் போய்விடுகிறது. நேற்று மத்தியானத்திலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறேன். முழு ரிங்கும் போகிறது. எடுப்பதில்லை. கட் செய்தாலாவது அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாள் என்று தெரியும். அதுகூட இல்லை.

நீங்கள் தூத்துக்குடிதானே? திருச்செந்தூரா. சரி, தூத்துக்குடியில் பஸ் மாற வேண்டும். அப்படியென்றால் கடைசி வரை ஒன்றாகத்தான் போகிறோம்.

பொம்பளை விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். கிளாடிஸ் என்று பெயர். என்னிடம் வேலை பார்த்த பெண். திங்கட்கிழமை வரை பார்த்தாள். நான்தான் அனுப்பினேன். இப்போது அவள் போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதை அவள் எனக்கு வாசித்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நாலைந்து எண்ணை வாசிக்க ஒருத்திக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதற்காகத்தான் நான் மதுரையிலிருந்து அவள் ஊரான தூத்துக்குடிக்குப் போகிறேன். இன்று ராத்திரி எட்டு மணிக்குள் அது நடக்காவிட்டால் நான் முடிந்தேன்.

மடியில் இருப்பதா? அவளுடைய டிபன் பாக்ஸ். மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். வெறும் கையோடு வாசலில் நிற்பதற்கு இது ஒரு சாக்கு. என் மனைவி கயல்விழி அதைக் கழுவி, உள்ளே இரண்டு அதிரசம் வைத்துக் கொடுத்தாள். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாதாம். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் சண்டை போட நேரமில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் பெயர் அறிவரசன். அப்பா வைத்த பெயர். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது, பஞ்சாங்கம் கிடையாது, நல்ல நேரம் கெட்ட நேரம் கிடையாது. என் கல்யாணமே மார்கழியில், ராகு காலத்தில் நடந்தது அண்ணே. அப்பா வேண்டுமென்றே பார்த்து வைத்த நேரம். மாலை மாற்றிக்கொண்டோம், இரண்டு பேர் பேசினார்கள், சாப்பாடு. ஆவுடையப்பன் மண்டபத்தில்தான். மார்கழியில் மண்டபம் பூட்டித்தானே கிடக்கும், அதனால் சும்மாவே கொடுத்தார். அவர் வாசலோடு நின்றுகொண்டார். உள்ளே வரவில்லை. மூன்று மணிக்கு மேல் வந்து வாழ்த்திவிட்டுப் போனார்.

அந்த ஆவுடையப்பன்தான் இப்போது என் முதலாளி.

மண்டபம் புக் செய்கிற வெப்சைட் அண்ணே. எழுதியது நான், பார்த்துக்கொள்வது நான், சைட் அவருடையது. அவருடைய மண்டபங்கள் போக, சுற்றுவட்டாரத்தில் மற்ற மண்டபக்காரர்களும் அதில்தான் இருக்கிறார்கள். தை மாத முகூர்த்தங்களுக்கு இன்று ராத்திரி எட்டு மணிக்குத் திறக்கிறோம். எட்டு மணி ஏன் என்றால், வியாழக்கிழமை எட்டு மணி குரு ஓரையாம். அவர் பார்த்து வைத்த நேரம். எல்லாருக்கும் மெசேஜ் போய்விட்டது. ஜனம் அந்த நிமிஷத்துக்காக போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மாப்பிள்ளை கிடைப்பதுகூட லேசு, தையில் மண்டபம் கிடைப்பது கஷ்டம்.

எட்டு மணிக்கு அத்தனை பேரும் உள்ளே வருவார்கள். உள்ளே வந்தவுடன் அத்தனை பேரையும் சைட் வெளியே தள்ளும். எனக்குத் தெரியும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயமாகத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன்.

மணி என்ன? இன்னும் அருப்புக்கோட்டையே வரவில்லையே.

கோயில் வாசலில் செருப்பு விட்டால் டோக்கன் தருவார்கள் அல்லவா, அதுதான் விஷயம். சர்வர் என்பது ஞாபகமே இல்லாத ஆள். நீங்கள் பெயரும் பாஸ்வேர்டும் சொல்லி உள்ளே வருகிறீர்கள். அடுத்த பக்கம் போனால் நீங்கள் யாரென்று அதற்குத் தெரியாது. அதனால் முதலிலேயே ஒரு டோக்கன் கொடுத்துவிடும். பக்கத்துக்குப் பக்கம் நீங்கள் அதைக் காட்ட வேண்டும். காட்டினால், ஓ, நீங்களா, வாருங்கள். டோக்கன் செல்லாது என்றால், நீ யாரப்பா, வாசலுக்குப் போ. செஷன் என்பார்கள். நான் தமிழில் அமர்வு என்று போட்டிருக்கிறேன். டோக்கன் செத்துப்போனால் திரையில் ‘உங்கள் அமர்வு முடிந்தது’ என்று வரும்.

கிளாடிஸ் வந்த புதிதிலேயே சொன்னாள். “சார், அமர்வுன்னா யாருக்கும் புரியாது. லாகின் போயிடுச்சு, திரும்ப உள்ள வாங்கன்னு போடலாமே.” நல்ல தமிழ் புரியவில்லை என்றால் ஜனம் படித்துக்கொள்ளட்டும் என்றேன். அவளுக்குக் கேள்வி கேட்பதே வேலை. அதை மாற்றலாமா, இதை எடுத்துவிடலாமா. வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் கேள்வி.

சர்வரை மாற்றியதிலிருந்துதான் இந்தப் பாடு. பழைய சர்வர் ஆவுடையப்பன் மண்டபத்திலேயே இருந்தது. பந்திக் கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை, சாம்பார் ஆவி போய்ப் போய் அதன் மேல் ஒரு பிசுக்கு. எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் என்ற நிலை. அதனால் வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்தோம். அது எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிறது, நாம் இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் அதற்கு மாற்றியது கிளாடிஸ். மாற்றும்போதும் கேள்விதான். “சார், புது சர்வர்ல கடிகாரம் நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி ஓடுது. நம்ம நேரத்துக்கு வச்சிரட்டுமா?” உலகம் பூராவும் சர்வரை அப்படித்தான் வைப்பார்கள், நேரத்தைத் தொடாதே என்றேன். சரிதானே? உலகம் பூராவும் அப்படித்தான். அப்புறம் இன்னொன்று. “சார், மடமைன்னு ஒரு ஃபைல் இருக்கே, இது தேவையா?” தேவையில்லாததை எல்லாம் நோண்டாதே, இருப்பதை இருப்பதுபோல் கொண்டு போ என்றேன். கொண்டு போனாள்.

அந்த ஃபைலுக்கு வருகிறேன். வருகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போன் வர ஆரம்பித்தது. திருமங்கலத்திலிருந்து ஒரு பெரியவர். “தம்பி, அமர்வு முடிஞ்சுதுங்குது. நாங்க இன்னும் உக்காரவே இல்லையேப்பா.” எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் இன்னொருவர். அப்புறம் வரிசையாக. பேர் போட்டு உள்ளே போகிறோம், தேதியைத் தொட்டால் வெளியே வந்துவிடுகிறது, மறுபடி போகிறோம், மறுபடி வெளியே. நானும் போய்ப் பார்த்தேன், என்னையும் தள்ளியது. நான் எழுதிய சைட், என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்கிறது. டோக்கன்களை எழுதி வைக்கிற ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லையோ என்று அதைத் திறந்துவிடச் சொன்னேன். கிளாடிஸ் திறந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. ஆவுடையப்பனுக்கு போன் செய்து, கண்டுபிடித்துவிட்டேன் என்றேன்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி. போன் மேல் போன். டோக்கனின் ஆயுளைக் கூட்டச் சொன்னேன். அரை மணி இருந்ததை ஒரு நாள் முழுக்க ஆக்கினாள். கேட்கவில்லை. பிறந்த டோக்கன் பிறந்த இடத்திலேயே சாகிறது. சர்வரை நிறுத்தி ஏற்றச் சொன்னேன். ஏற்றியதும் சரியாகிவிட்டது. ஆவுடையப்பனுக்கு மறுபடி போன். இந்தத் தடவை நிச்சயமாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க ஒன்றுமில்லை. ராத்திரி எல்லாரும் படுக்கப் போகும் நேரத்தில் வந்தது. உங்களுக்குப் புரிகிறதா அண்ணே? காய்ச்சல் என்றால் நாளுக்கு ஒரு நேரம் வரும், நேரம் மாறாது. இது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரம். நாம் காத்துக்கொண்டிருந்தால் வராது. நாம் எழுந்து டீ குடிக்கப் போனால் வரும். வந்தால் எதைச் செய்தாலும் போகாது, அப்புறம் எதையும் செய்யாமல் தானாகப் போகும். எனக்கு ஒரு கட்டத்தில் யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்றுகூடத் தோன்றியது. யாராக இருக்க முடியும்? சாவி யார் கையில் இருக்கிறது?

அவளைச் சந்தேகப்பட்டேன் என்று சொல்லவில்லை. தோன்றியது, அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டையா? டீ வேண்டுமா? நான் இறங்கவில்லை. இறங்கினால் பஸ் போய்விடுமோ என்று இருக்கிறது.

*

திங்கட்கிழமை மண்டபக்காரர்கள் எல்லாரையும் ஆவுடையப்பன் கூப்பிட்டிருந்தார். புது சர்வர், புது வேகம், வந்து பாருங்கள் என்று. சாப்பாடு போட்டார். சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு ஒரு மணிக்கு மேல்தான் வந்து உட்கார்ந்தார்கள். பெரிய திரை. ஆவுடையப்பன் தன் கையாலேயே பெயரைத் தட்டினார், உள்ளே போனார், தை மாதத்தில் ஒரு தேதியைத் தொட்டார். தாம்பாளம் அளவு எழுத்தில் வந்தது. ‘உங்கள் அமர்வு முடிந்தது.’

முன்வரிசையில் மேலூர் மண்டபக்காரர் ஒருவர். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். “ஆவுடையப்பா, உன் அமர்வு முடிஞ்சுதாம். எந்திரிச்சு எங்களுக்கு எடம் விடு.”

கூடமே சிரித்தது. ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? உள்ளதைத்தானே சொல்ல வேண்டும். “சர்வரை மாத்துனது இந்தப் பொண்ணுதாங்க” என்றேன். அது உண்மைதானே? மாற்றியது அவள்தானே?

கிளாடிஸ் சுவரோரம் நின்றிருந்தாள். “சார், நேரத்தைப் பத்தி நான் உங்ககிட்ட...” என்று ஆரம்பித்தாள். இது பேசுகிற நேரமில்லை, கிளம்பு என்றேன். அத்தனை பேர் முன்னால் வேறென்ன சொல்ல முடியும்? அவளும் அழவில்லை, கத்தவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து மெதுவாகக் கேட்டாள். “சார், சர்வருக்குள்ள போற ஓடிபி என் நம்பருக்குத்தான் வருது. உங்க நம்பருக்கு மாத்திட்டுப் போகட்டுமா?” எனக்கு அந்த நேரத்தில் காது அடைத்திருந்தது. “உன் உதவி ஒண்ணும் வேண்டாம்” என்றேன்.

போகும்போது டிபன் பாக்ஸை மறந்துவிட்டாள்.

அப்போதாவது அவள் அந்த நம்பரை மாற்றிவிட்டே போயிருக்கலாம். வேண்டாம் என்று நான் சொன்னால் கேட்டுவிடுவதா? மற்ற நேரமெல்லாம் அவ்வளவு கேள்வி கேட்கிறவள்.

செவ்வாய்க்கிழமை நானே உட்கார்ந்தேன். உள்ளே போக முடியாது, வெளியே இருந்து என்ன தெரியுமோ அதைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கயல் பக்கத்தில் வந்து, “அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போடேன்” என்றாள். போடவில்லை. அன்றைக்கே போட்டிருந்தால் எடுத்திருப்பாளோ என்னவோ.

நேற்று புதன்கிழமை. ஆவுடையப்பன் போன் செய்தார். எடுத்தவுடன், “யப்பா அறிவு, நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்” என்றார். அப்போதுதான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்திருப்பார் போல. “இரு இரு, பன்னெண்டு ஆயிருச்சு. ராகு காலத்துல ஒருத்தனை வேலைய விட்டு எடுக்கக் கூடாது, திரும்பி வந்து ஒட்டிக்கிருவான். ஒன்றரைக்கு மேல கூப்பிட்டுச் சொல்றேன்.” வைத்துவிட்டார்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ராகு காலம். மடமை.

அண்ணே, சைட் ஆரம்பித்த காலத்தில் அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ராகு காலத்தில் யாரும் மண்டபம் புக் செய்யக் கூடாது. அந்த ஒன்றரை மணி நேரம் கடை மூடியிருக்க வேண்டும். முடியாது என்றேன். என் கொள்கை என்ன, என் அப்பா யார் என்றெல்லாம் பேசினேன். அவர், “உன் கொள்கைய உன் கல்யாணத்துல பாத்தேன்யா, நல்லாத்தான் இருந்துச்சு. என் மண்டபத்துல என் கொள்கை” என்றார். வேறு வழியில்லாமல் எழுதினேன். ஆனால் ராகு காலம் என்ற வார்த்தையை என் கையால் எழுத மாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தேன். திரையிலும் எழுதவில்லை, உள்ளேயும் எழுதவில்லை. அந்த நேரம் வந்தால் எல்லாருடைய டோக்கனும் செல்லாது, ‘உங்கள் அமர்வு முடிந்தது’, அவ்வளவுதான். அந்த ஃபைலுக்கு நான் வைத்த பெயர்தான் மடமை. எது எதற்கு என்று ஒரு வரி விளக்கம்கூட அதில் கிடையாது. ஏன் எழுத வேண்டும்? மடமைக்கு என்ன விளக்கம்?

கயலிடம் அப்போதே சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்ப நம்ம கல்யாணத்தை நம்ம சைட்லயே புக் பண்ண முடியாது” என்றாள்.

அதோடு மறந்துபோனது. ஏனென்றால் இத்தனை வருஷத்தில் ஒரு ஆள்கூட அந்தப் பூட்டில் இடித்துக்கொண்டதில்லை. ராகு காலத்தில் எவன் அண்ணே கல்யாண மண்டபம் பார்க்க வருவான்?

இப்போது கணக்கைப் பாருங்கள். புது சர்வரின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு. அந்தச் சர்வருக்குப் பத்தரை என்றால் நமக்குச் சாயங்காலம் நாலு. சனிக்கிழமை ஒன்பது என்றால் நமக்கு மத்தியானம் இரண்டரை. திங்கட்கிழமை ஏழரை என்றால் நமக்கு ஒரு மணி, அந்தப் பெரிய திரை. எல்லாம் பொருந்துகிறது. அதற்கு ராகு காலம் வரும்போது நமக்கு நல்ல நேரம். நல்ல நேரம் பார்த்து வருகிறவனை எல்லாம் பிடித்துத் தள்ளியிருக்கிறது.

இன்று வியாழக்கிழமை. ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று. ஐந்தரையைக் கூட்டுங்கள். ராத்திரி ஏழு முதல் எட்டரை.

எட்டு மணிக்குக் குரு ஓரை.

சர்வருக்குள் போய் கடிகாரத்தை நம் நேரத்துக்கு வைத்தால் போதும். ஒரே ஒரு வரி. உள்ளே போகவேண்டும் என்றால் ஓடிபி. சர்வர் கம்பெனிக்காரனுக்கு எழுதினேன். பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம், நன்றி என்று பதில் வந்தது.

எல்லாம் அந்த ஆவுடையப்பனின் மூடநம்பிக்கை செய்த வேலை. கிளாடிஸும்தான். கேட்டாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எப்படிக் கேட்டாள்? இது தேவையா என்று கேட்டாள். இது என்ன செய்கிறது என்று கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேன். கேள்வியை ஒழுங்காகக் கேட்க வேண்டாமா?

எட்டை எட்டரை ஆக்கச் சொல்லலாமே என்கிறீர்கள். குரு ஓரை ஒன்பது வரை இருக்கிறதா? நீங்களும் இதெல்லாம் பார்ப்பீர்களா? சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் ஃபைலைச் சொல்ல வேண்டும். ஃபைலைச் சொன்னால் பெயரைக் கேட்பார். அவருடைய ராகு காலத்துக்கு நான் வைத்த பெயரை அவரிடமே போய் எப்படிச் சொல்வது? நேற்று ஒன்றரைக்கு மேல் சொன்னபடி கூப்பிட்டார். “வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஒருத்தன் அமர்வு முடிஞ்சாலும், வெள்ளிக்கிழமை உன் அமர்வு முடிஞ்சுது. சைட்டைப் பாத்துக்க சென்னைக் கம்பெனிக்காரங்ககிட்ட பேசிட்டேன்” என்றார். இந்த வயசில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள் அண்ணே? எனக்குத் தெரிந்தது இந்த ஒரு சைட்தான். என்னைத் தவிர யாருக்கும் புரியக் கூடாது என்று நானே எழுதியது. இப்போது எனக்கே புரியவில்லை.

எட்டயபுரம் தாண்டிவிட்டதா? நல்லது, நல்லது.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வருகிறேன், என்ன சொல்வது என்று. கிளாடிஸ், ஒரு சின்ன விஷயம் என்று ஆரம்பிக்கலாம். டிபன் பாக்ஸை மறந்துவிட்டாயே என்று ஆரம்பித்தால் இன்னும் இயல்பாக இருக்கும். அப்பா நல்லா இருக்கிறாரா என்று கேட்கலாம். அப்பா இருக்கிறாரா தெரியவில்லை. இத்தனை நாள் பக்கத்து மேஜை, கேட்டதில்லை. கயல் சொன்னாள். “மொதல்ல தப்பு என்னுதுன்னு சொல்லு. மத்தது தானா வரும்.” பெண்களுக்கு எல்லாமே சுலபம். தப்பு யாருடையது என்பது நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். இப்போது தேவை ஓடிபி.

விலாசம் இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது கொடுத்தது. சர்ச்சுக்குப் பின்னால், உப்பு குடோன் தாண்டி என்று போட்டிருக்கிறது. எந்த சர்ச் என்று போடவில்லை. நீங்கள் தூத்துக்குடிக்காரர், உங்களுக்குத் தெரியாதா? ஓ. திருச்செந்தூர். ஆமாம், சொன்னீர்கள்.

*

பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. இறங்குங்கள். உங்கள் திருச்செந்தூர் பஸ் அந்தப் பக்கம் நிற்கும் போல. அவசரமா? இந்த பெஞ்சில் ஒரு நிமிஷம் உட்காருங்களேன்.

மணி என்ன? ஒன்று நாற்பதா?

இல்லை, ஆட்டோ வேண்டாம். அந்த ஆளைப் போகச் சொல்லுங்கள். நான் கொஞ்ச நேரம் இங்கே இருந்துவிட்டுப் போகிறேன். மூன்று மணிக்குப் போகிறேன். மூன்று மணிக்குப் போனால் என்ன, எட்டு மணி வரைக்கும் நேரம் இருக்கிறதே. வீடு எவ்வளவு தூரம் இருக்கப்போகிறது?

அப்படிப் பார்க்காதீர்கள். நம்பிக்கையெல்லாம் இல்லை. இந்த காலண்டர் தாளைக் கிழித்துப் பையில் வைத்திருப்பது கணக்குப் பார்க்க. ஒரு வாரமாக அந்த ஒன்றரை மணி நேரத்திலேயே அடி வாங்கியிருக்கிறேன். சூடு பட்ட மாடு மாதிரி உடம்பு தானாக ஒதுங்குகிறது, அவ்வளவுதான். அப்புறம், எனக்காக இல்லை. அவர்கள் வீட்டில் பார்ப்பார்கள். கேட்கப் போவது பெரிய விஷயம், வியாழக்கிழமை ஒன்றரைக்கு மேல் வாசலில் போய் நின்றால் பெரியவர்கள் என்ன நினைப்பார்கள்?

என்ன சொன்னீர்கள்?

ஆமாம், கிளாடிஸ். ஆமாம், வேதக்காரர்கள்தான். எனக்குத் தெரியாதா? கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்பாளே. அவர்கள் பார்க்க மாட்டார்கள்தான். ஆனால் அக்கம்பக்கத்தில் யாராவது பார்ப்பார்கள். அவள் மனசு எப்படி இருக்கிறதோ. ஒரு தடவைதான் அண்ணே கேட்க முடியும். அந்த ஒரு தடவையைக் கெட்ட நேரத்தில் கேட்டு, இல்லையென்று சொல்லிவிட்டால் அப்புறம் நான் எங்கே போவேன்? என் அப்பா இருந்திருந்தால் இந்நேரம் போய்க் கதவைத் தட்டியிருப்பார். அவருக்கு எதையும் யாரிடமும் கேட்க வேண்டிய நிலைமை வரவில்லை.

இருங்கள். போன்.

அவள்தான். அண்ணே, அவள்தான். பாருங்கள், கிளாடிஸ் என்று வருகிறது பாருங்கள். நேற்றிலிருந்து நான் அடித்ததையெல்லாம் இப்போதுதான் பார்த்திருப்பாள். நல்ல பெண். நான் சொன்னேனே, வேலையில் குறை சொல்ல முடியாது என்று.

மணி? இரண்டுகூட ஆகவில்லையா?

இல்லை. இப்போது வேண்டாம். இப்போது எடுத்து, வாயில் ஏதாவது ஒரு வார்த்தை தப்பாக வந்து, அவள் கோபப்பட்டு வைத்துவிட்டால். நீங்கள் எடுங்கள் அண்ணே. உங்களுக்கு ஒன்றுமில்லையே. சார் இப்போதுதான் வெளியே போனார், மூன்று மணிக்கு மேல் கூப்பிடச் சொன்னார் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். தயவுசெய்து. பிடியுங்கள். யார் பேசுவது என்று கேட்டால்... உங்கள் பெயர் என்ன சொன்னீர்கள்?

நின்றுவிட்டது.

பரவாயில்லை. பரவாயில்லை அண்ணே. போன் அவள் கையில்தான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே. அதுவே பெரிய விஷயம். மூன்று மணிக்கு நான் அடிப்பேன், எடுப்பாள். எடுக்காமல் என்ன?

உங்கள் பஸ்ஸா? போங்கள், போங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்.

அண்ணே. போகிறதற்கு முன்னால், இப்போது மணி என்ன?